ஓர் இண்டி ராக் குழுவைப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்துவது எப்படி

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் இண்டி ராக் குழுக்களில் நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். என் முதல் இசைக்குழு இரண்டே ஆண்டுகளில் உடைந்தது. இரண்டாவது பன்னிரண்டு ஆண்டுகள் நின்றது. இரண்டிலும் இருந்தவர்களின் திறமையில் பெரிய வேறுபாடு கிடையாது. சொல்லப்போனால் முதல் குழுவின் கிட்டார் கலைஞர்தான் இதுவரை நான் பக்கத்தில் நின்று வாசித்தவர்களிலேயே சிறந்தவர். அந்தக் குழு உடைந்த இரவில் நாங்கள் சண்டை போட்டது ஒரு பாட்டு யாருடையது என்பதற்காக. இரண்டு ஆண்டுகளாக நால்வரும் அந்தக் கேள்வியை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்து போயிருக்கிறோம்.

இரண்டாவது குழு தொடங்கிய வாரத்தில் நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். பாட்டு யாருடையது, பணம் எங்கே போனது, யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று மூன்று விஷயங்களை அதில் எழுதினேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அது ஆறு நோட்டாக வளர்ந்தது. இப்போது நான் மேடைக்கு முன்னால், மிக்ஸிங் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிறருக்கு ஒலியமைக்கிறேன். புதிதாகக் குழு தொடங்கும் பிள்ளைகள் வந்து கேட்கும்போது அந்த நோட்டுகளிலிருந்துதான் பதில் சொல்கிறேன். இதையும் அவற்றைப் புரட்டியபடியே எழுதுகிறேன்.

பாட்டு பிறந்த அன்றே எழுதுங்கள்

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த இயற்றல் ஒன்று. அதை வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் பணம் வரும் வழி வேறு, போய்ச் சேரும் ஆட்களும் வேறு. உங்கள் பாட்டை நாளை வேறொருவர் பாடிப் பதிவு செய்தால் இயற்றியவர்களுக்கு உரிமைத்தொகை வரும். உங்கள் பதிவில் டிரம்ஸ் வாசித்தவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது, அவர் பெயரும் இயற்றியவர் பட்டியலில் இருந்தாலொழிய. குழு தொடங்கும்போது இது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவரும் வாயைத் திறப்பதில்லை, பணத்தாசை பிடித்தவன் என்று பெயர் வந்துவிடுமோ என்கிற கூச்சம்.

கூச்சத்தின் விலையைப் பாருங்கள். மான்செஸ்டரில் 1982இல் தொடங்கிய தி ஸ்மித்ஸ் குழு 1987இல் கலைந்தது. பதிவிலும் மேடையிலும் வந்த வருமானத்தில் பாடகர் மோரிசியும் கிட்டார் கலைஞர் ஜானி மாரும் ஆளுக்கு 40 விழுக்காடு எடுத்துக்கொண்டார்கள். பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்சுக்கும் ஆளுக்கு 10. இந்த விகிதத்துக்கு நான் ஒப்புக்கொண்டதே இல்லை என்று ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996இல் நீதிமன்றம் அவருக்குக் கால் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. குழு கலைந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்றாக வாசித்த நால்வர் தங்கள் இளமையை வழக்கறிஞர்கள் வழியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் ஏதென்ஸ் என்னும் சிறு நகரில் 1980இல் தொடங்கிய ஆர்.ஈ.எம். குழுவோ தொடக்கத்திலிருந்தே எல்லாப் பாட்டுக்கும் நால்வர் பெயரையும் சமமாகப் போட்டது. வரியை எழுதியவர் பாடகர் மைக்கேல் ஸ்டைப்தான். இருந்தும் நால்வருக்கும் சம பங்கு. அந்தக் குழு 2011 வரை நீடித்தது. சமமாகப் பிரித்தது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் கொண்டுவரும் மெட்டு ஆல்பத்தில் இடம்பிடிக்கிறது என்பதற்காக ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ள அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை. பாட்டைப் பாட்டாக மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க அது ஒரு பெரிய விடுதலை.

சம பங்கு எல்லாக் குழுவுக்கும் பொருந்தாது. எங்களுக்கே பொருந்தவில்லை. எங்கள் முதல் பாட்டு முடிந்த இரவு ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் மேல் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினோம். பாடகி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "வரிகள் நான் ஆறு மாதம் சுமந்தவை. அதை நாலாகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை." டிரம்மர் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து, "பல்லவியில் நான் ஸ்நேர் டிரம்மின் அடியை எடுத்துவிட்ட பிறகுதானே அது பாட்டாயிற்று?" என்று கேட்டார். இருவர் சொன்னதும் உண்மை. கடைசியில் இப்படி எழுதினேன்: வரிகளுக்குப் பாதி, இசைக்குப் பாதி. வரிகளின் பாதி பாடகிக்கு. இசையின் பாதி நால்வருக்கும் சமம். ஆக அவருக்கு 62.5, எங்கள் மூவருக்கும் ஆளுக்கு 12.5. நால்வரும் கையெழுத்திட்டோம். அந்த விகிதம் பன்னிரண்டு ஆண்டுகள் மாறவில்லை, அதைப் பற்றி மறுபடி பேசும் தேவையும் வரவில்லை.

உங்கள் விகிதம் எதுவாகவும் இருக்கட்டும். பாட்டு முடிந்த அன்று இரவே எழுதுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவர் நினைவிலும் அந்த மாலை வேறு வேறாக இருக்கும். அதே வாரத்தில், பாட்டுகளின் உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் உரிமைத்தொகைச் சங்கத்தில் அதே விகிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்கார்ட் என்னும் அமெரிக்க இசை வெளியீட்டு நிறுவனம் குழுக்களோடு ஒப்பந்தமே இல்லாமல் இத்தனை ஆண்டுகள் நடக்கவில்லையா என்று என்னிடம் கேட்பார்கள். நடந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் ஃபுகாஸி குழுவைப் பாருங்கள்: நுழைவுக் கட்டணம் ஐந்து டாலரை ஒட்டியே இருக்க வேண்டும், எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பதெல்லாம் ஊரறிந்த விதிகள். அந்த நால்வரிடம் போய் அவர்கள் கொள்கை என்ன என்று தனித்தனியாகக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். உங்கள் குழுவில் நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டால் ஒரே பதில் வருமா? வரும் என்றால் காகிதம் வேண்டாம்.

ஒத்திகை

வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் போதும். நான்கு மணி நேரம் வாசித்தால் கடைசி இரண்டு மணி நேரம் காது களைத்துப்போய்த் தவறைப் பழகிக்கொண்டிருப்பீர்கள். அறையின் நடுவில் ஒரு கைப்பேசியை வைத்து முழு ஒத்திகையையும் பதிவு செய்யுங்கள். மறுநாள் நடந்துகொண்டே கேளுங்கள். வாசிக்கும்போது பிரமாதமாகத் தோன்றிய இடம் சவசவ என்றிருக்கும். யாரோ தவறாக வாசித்த ஒரு சுரத்தில் புதுப் பாட்டு ஒளிந்திருக்கும். எங்கள் இரண்டாவது ஆல்பத்தின் மூன்று பாட்டுகள் அப்படித் தவறிலிருந்து எடுத்தவை.

காதடைப்பான் போடுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்தே நிமிடம். சிறிய அறையில் டிரம்ஸும் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தால் அந்த அளவு சர்வசாதாரணம். என் இடது காதில், டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் இருந்த பக்கம், ஒரு மெல்லிய விசில் ஒலி ஏழாம் ஆண்டில் வந்தது. இன்னும் போகவில்லை. இசைக் கலைஞர்களுக்கென்றே செய்த, எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் அடைப்பான்கள் கிடைக்கின்றன. கிட்டார் ஒலியை மாற்றும் புது பெடல் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள்.

பதிவு

நல்ல ஸ்டூடியோ கிடைத்த பிறகுதான் பதிவு செய்வோம் என்று காத்திருக்காதீர்கள். 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் குழு நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு சிறு இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதி. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை உறையிலேயே அச்சிட்டார்கள். இதை நீங்களும் செய்யலாம் என்று வாங்கியவனுக்குச் சொல்லிக்கொடுத்த உறை அது. கைடட் பை வாய்சஸ் குழுவின் ராபர்ட் பொல்லார்ட் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர்களை வெளியுலகுக்குத் தெரியவைத்த 1994ஆம் ஆண்டு ஆல்பம் பெரும்பாலும் வீட்டில், நான்கு தடம் கொண்ட கேசட் கருவியில் பதிவானது.

வீட்டில் பதிவு செய்தாலும் சரி, ஸ்டூடியோவில் செய்தாலும் சரி, செலவில்லாமல் தரத்தைக் கூட்டும் வேலைகள் சில உண்டு. பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் கிட்டாருக்குப் புதுத் தந்தி போட்டு இழுத்து நிலைக்கவிடுங்கள். டிரம்ஸ் தோலை மாற்றிச் சுருதி சேருங்கள். கிழடான தோலை எந்த மென்பொருளாலும் இளமையாக்க முடியாது. ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணால் எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டூடியோவில் எல்லாருக்கும் இதயம் வேகமாக அடிக்கும், பாட்டும் அதோடு ஓடிவிடும். பாடகரை நாள் முடிவில் களைப்போடு பாடவைக்காதீர்கள்.

பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் பன்னிரண்டு எழுத்தெண் குறியீடு வாங்கி நோட்டில் எழுதுங்கள். அந்த ஒலிப்பதிவின் அடையாளம் அதுதான். பாட்டை இணையத் தளங்களில் ஏற்றிக்கொடுக்கும் விநியோகஸ்தரை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை உங்களோடு வரும். வெளியீட்டு நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகக் கோப்புகளை விநியோகஸ்தரிடம் ஒப்படையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பாட்டுத் தொகுப்பாளர்களுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கடைசி இரவில் ஏற்றுகிறவர்கள் அந்த வாய்ப்பைத் தாங்களே மூடிவிடுகிறார்கள்.

வினைல் தட்டு போடுவதாக இருந்தால் பாட்டு வரிசையை அதற்கேற்ப அமையுங்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் வரை வைத்தால் ஒலி நன்றாக இருக்கும். நடுவட்டத்தை நெருங்க நெருங்க உச்ச ஒலிகள் மங்கும், சிதறும். ஆகவே பக்கத்தின் கடைசியில் சிம்பல் அலறும் பாட்டை வைக்காமல் அமைதியான பாட்டை வையுங்கள்.

மேடை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்போது ஒவ்வொரு வாரமும் மேசைக்குப் பின்னாலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத் தாள் அனுப்புங்கள். அதில் மேடையை மேலிருந்து பார்ப்பது போன்ற படம்: யார் எங்கே நிற்பார், ஆம்ப்ளிஃபயர் எங்கே, மின்சாரம் எங்கே வேண்டும். கீழே சேனல் பட்டியல், அதாவது மிக்ஸிங் மேசைக்குத் தனித்தனியாக வரும் ஒலிகளின் பட்டியல். எங்களுடையது டிரம்ஸில் கிக் (காலால் அடிப்பது), ஸ்நேர், இரண்டு டாம், அவற்றுக்கு மேலே இரண்டு மைக், பேஸ் நேரடி இணைப்பு, கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு மைக், குரலுக்கு மூன்று என்று மொத்தம் பதினோரு சேனல். இந்தத் தாள் கையில் இருந்தால் நீங்கள் வருவதற்குள் கேபிள்களை விரித்து வைத்திருப்பேன். இல்லையென்றால் உங்கள் ஒலிச்சோதனை நேரத்தில் பாதியைக் கேபிள் இழுப்பதிலேயே செலவழிப்பேன்.

ஒலிச்சோதனையில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் கையை எடுங்கள். நான் கிக் டிரம்மின் அடியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் கிட்டாரில் புதுத் துணுக்கு ஒன்றைப் பழகினால் இரண்டும் கெட்டுவிடும். வரிசையாகச் சோதித்த பிறகு உங்களிடம் இருப்பதிலேயே சத்தமான பாட்டின் சத்தமான பகுதியை வாசியுங்கள், அதன் பிறகு மிக அமைதியான பகுதியை. முழுப் பாட்டு தேவையில்லை. இரண்டு எல்லைகளும் தெரிந்தால் நடுவில் உள்ளதை நான் பார்த்துக்கொள்வேன்.

கிட்டார் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்துவிட்டு அதற்கு முன்னால் நிற்கிறீர்கள். ஒலி உங்கள் முழங்காலில் மோதுகிறது. காதுக்குச் சரியாகக் கேட்காததால் ஒலியளவையும் உச்ச ஒலியையும் ஏற்றுகிறீர்கள். நேர் எதிரே முதல் வரிசையில் நிற்பவருக்கு அது ஊசியாகக் குத்துகிறது. நானோ உங்களை மொத்த ஒலியிலிருந்தே குறைத்துவிட வேண்டியதாகிறது. ஆம்ப்ளிஃபயரை ஒரு நாற்காலி அல்லது மரப்பெட்டி மேல் ஏற்றி வையுங்கள், அல்லது உங்கள் காதைப் பார்க்கும்படி பின்னால் சாய்த்து வையுங்கள். அடுத்த நிமிடமே நீங்களாகவே ஒலியைக் குறைப்பீர்கள். எங்கள் கிட்டார் கலைஞர் நான்காம் ஆண்டில்தான் இதைச் செய்தார். அந்த இரவுதான் பாடகியின் ஒவ்வொரு சொல்லும் அரங்கின் கடைசிச் சுவர் வரை கேட்டது. ஒரு மரப்பெட்டி செய்த வேலை அது.

பாடுகிறவர்கள் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்தாதீர்கள். பின்பக்க ஒலியைத் தவிர்க்கும்படி அமைந்த மைக் அது. அந்தத் துளைகளை மூடினால் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி, உங்களைப் பார்த்து வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியை உறிஞ்சிக் கீச்சென்று அலறும்.

அரை மணி நேரம் கொடுத்தால் இருபத்தைந்து நிமிடத்துக்குப் பாட்டு வையுங்கள். ஒரே சுருதியமைப்பில் உள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். முதல் இரண்டு பாட்டுகளை நடுவில் பேசாமல் வாசியுங்கள். தந்தி அறுந்தால் என்ன செய்வது என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். எங்கள் ஏற்பாடு இதுதான்: கிட்டார் கலைஞர் என் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டுவார். நானும் டிரம்மரும் பாட்டின் நடுப்பகுதியிலேயே சுற்றிச் சுற்றி நிற்போம், பாடகி அதன் மேல் வரியில்லாமல் பாடுவார். ஒரு முறை மூன்று நிமிடம் அப்படியே சுற்றினோம். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு பேர் வந்து அந்தப் பகுதி எந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள்.

முடிந்ததும் பொருள்களை முதலில் மேடையை விட்டு இறக்குங்கள், பிறகு கழற்றுங்கள். டிரம்மர் மேடை மேலேயே ஒவ்வொரு சிம்பலாகத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தால் அடுத்த குழுவின் நேரத்தைத் தின்கிறார். உங்களைத் திரும்ப அழைப்பதா என்பதை அரங்கத்தார் பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், பாட்டை வைத்து மட்டும் அல்ல.

இரவு முடிவில் பணம்

மூன்றாம் ஆண்டில் ஓர் அரங்கில் இடம் கொள்ளாத கூட்டம். இரவு பணம் வாங்கப் போனபோது ஒலியமைப்புச் செலவும் வாயிற்காவலர் கூலியும் எங்கள் பங்கில் கழிக்கப்பட்டிருந்தன. அப்படி ஒரு பேச்சே நடந்ததில்லை. நடக்கவில்லை என்பதற்கும் எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. திரும்பும் வழி முழுக்க வேனில் யாரும் பேசவில்லை. மறுநாள் காலை நோட்டில் நான்கு கேள்விகளை எழுதினேன். அதன் பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த நான்கையும் கடிதமாக அனுப்பிப் பதில் வாங்கினேன்: உறுதித்தொகையா, நுழைவுக் கட்டணத்தில் பங்கா? பங்கு என்றால் எந்தச் செலவுகள் போக? எங்கள் சார்பில் இலவசமாக எத்தனை பேர் வரலாம்? நாங்கள் மேசை போட்டு விற்பதில் அரங்கத்துக்குப் பங்கு உண்டா?

வந்த பணத்தை நான்காகப் பிரிக்காதீர்கள், ஐந்தாகப் பிரியுங்கள். ஐந்தாவது பங்கு குழுவுக்கு. தந்தி, தோல், வேன் பழுது, அடுத்த பதிவு எல்லாம் அதிலிருந்து. முதல் மூன்று ஆண்டுகள் நாங்கள் ஐந்து பங்கையும் குழுவிலேயே விட்டோம், வயிற்றுப் பிழைப்புக்கு நால்வருக்கும் வேறு வேலை இருந்தது. இதை வெட்கமாக நினைக்க வேண்டியதில்லை. பொல்லார்ட் பாடம் நடத்திக்கொண்டேதான் அந்த ஆல்பத்தின் பாட்டுகளை எழுதினார்.

பல இரவுகளில் நுழைவுக் கட்டணப் பங்கைவிட மேசை மேல் விற்ற டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் அதிகம் தந்தன. மேசைக்கு ஒரு விளக்கு கொண்டுபோங்கள். இருட்டில் யாரும் வாங்குவதில்லை. எந்த அளவு எத்தனை விற்றது என்று எழுதுங்கள். நாங்கள் முதல் முறை எல்லா அளவிலும் சமமாக அச்சிட்டு, மிகச் சிறிய அளவை நான்கு ஆண்டுகள் சுமந்து திரிந்தோம். பாட்டு முடிந்த பத்து நிமிடத்துக்குள் குழுவில் ஒருவராவது அந்த மேசையில் நிற்க வேண்டும்.

இணைய வருமானத்தைப் பற்றிக் கனவு வேண்டாம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு உரிமைத்தொகைக் கணக்கே தொடங்கும். குழுக்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 விழுக்காடும் பொருள்களுக்கு 10 விழுக்காடும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. உங்களை உண்மையாக விரும்பும் இருநூறு பேர் அங்கே வாங்கினால், பல்லாயிரம் முறை ஓடும் பாட்டைவிட அதிகம் கிடைக்கும்.

வேன்

1985 டிசம்பரில் அமெரிக்காவின் மினிட்மென் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான டி. பூன் வேன் விபத்தில் இறந்தார். வயது 27. வேனின் பின்பகுதியில் படுத்திருந்தார், இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை. இதைப் படித்த அன்று எங்கள் வேனின் பின்னால் விரித்திருந்த மெத்தையை எடுத்துப் போட்டேன். வாசித்து முடித்த இரவில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். தங்கும் செலவு கையைக் கடித்தால் அந்த நிகழ்ச்சியையே விடுங்கள். ஓட்டுபவர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும், அவர் வேலை அது மட்டும்தான்.

1999 ஜூலையில் சோனிக் யூத் குழுவின் இசைக்கருவிகள் அத்தனையும் வண்டியோடு திருட்டுப்போயின. வழக்கத்துக்கு மாறான சுருதிகளுக்காக ஆண்டுக்கணக்கில் திருத்தி அமைத்த கிட்டார்கள் அவை; கடையில் வாங்கி ஈடுகட்ட முடியாதவை. பிறகு வந்த ஆண்டுகளில் சில மட்டும் திரும்பின. உங்கள் ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் நோட்டில் எழுதி, படம் எடுத்து வையுங்கள். இரவில் கருவிகளை வண்டியில் விடாதீர்கள். மூன்றாவது மாடியாக இருந்தாலும் தூக்குங்கள்.

லேபிள் வந்தால்

லேபிள் எனப்படும் இசை வெளியீட்டு நிறுவனம் ஒன்று முன்பணம் தருகிறேன் என்று வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், பிறகு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். முன்பணம் என்பது உங்கள் பங்கிலிருந்து திருப்பிக் கழிக்கப்படும் தொகை. பதிவுக்கும் வெளியீட்டுக்கும் 100 ரூபாய் செலவு, அது முழுவதும் உங்கள் பெயரில் முன்பணமாக எழுதப்பட்டிருக்கிறது, உங்கள் உரிமைத்தொகை 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு 200 வரும்போது உங்கள் கணக்கில் ஏறுவது 30. இன்னும் 70 பாக்கி. உங்கள் கைக்கு முதல் காசு வர நிறுவனத்துக்கு ஏறத்தாழ 667 வந்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் பல செய்வது வேறு: செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பாதிப் பாதி. அதே 200 வரும்போது 100 செலவு போக உங்களுக்கு 50. விழுக்காட்டு எண்ணை மட்டும் பார்த்து மயங்காமல், எந்த இடத்தில் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னும் மூன்றைக் கேளுங்கள். ஒலிப்பதிவின் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு அவர்களிடம் இருக்கும்? எத்தனை ஆல்பங்களுக்கு நீங்கள் கட்டுப்பட்டிருக்கிறீர்கள்? ஆண்டுக்கு எத்தனை முறை கணக்குத் தருவார்கள்? கையெழுத்திடுவதற்கு முன் இசைத் துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவருக்குக் காசு கொடுத்துக் காட்டுங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் உங்களுக்காகப் பேசுபவர் அல்லர்.

சிறு நிறுவனம் என்று தாழ்வாக எண்ண வேண்டாம். சூப்பர்சங்க் குழுவின் மேக் மெக்காகனும் லாரா பாலன்ஸும் 1989இல் தொடங்கிய மெர்ஜ் நிறுவனம் அப்படித்தான் இருந்தது. 2011இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை ஆர்க்கேட் ஃபயர் குழு வாங்கியபோது அமெரிக்காவில் அந்த ஆல்பத்தை வெளியிட்டிருந்தது மெர்ஜ்தான்.

ஒருவர் விலகும்போது

ஒன்பதாம் ஆண்டில் எங்கள் டிரம்மர் விலகினார். குழந்தை பிறந்திருந்தது, முதுகு வலி வேறு. ஒத்திகை முடிந்து எல்லாரும் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார். பாடகி கையிலிருந்த கேபிளை அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஆர்.ஈ.எம். குழுவின் டிரம்மர் பில் பெர்ரி 1997இல் விலகியபோது, நான் போவதால் குழு கலையும் என்றால் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தார். எங்கள் டிரம்மரும் ஏறத்தாழ அதையே கேட்டார். அன்றைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டாம் ஆண்டில் எழுதிவைத்த ஒரு பக்கம். குழுவின் பெயர், விலகுபவரோடு போகாது. விலகுபவர் வாசித்த பதிவுகளில் அவர் பங்கு வாழ்நாள் முழுக்கத் தொடரும். குழுவின் பணத்தில் வாங்கிய கருவிகளில் அவருக்குரிய மதிப்பை ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். இது நாங்கள் நண்பர்களாக, மனம் நிறைந்திருந்தபோது எழுதியது. பிரிவின்போது எழுதியிருந்தால் இவ்வளவு தாராளமாக எழுதியிருக்க மாட்டோம். நீங்களும் இரண்டாம் ஆண்டில் எழுதுங்கள். இணையக் கணக்குகளின் கடவுச்சொற்களை இருவராவது தெரிந்து வையுங்கள். ஒலிப்பதிவுக் கோப்புகளை, இறுதி வடிவத்தை மட்டும் அல்லாமல் தனித்தனித் தடங்களையும், மூன்று இடங்களில் வையுங்கள். என் வீட்டில் இருந்த வன்தட்டு பதினோராம் ஆண்டில் செத்துப்போனது. முதல் ஆல்பத்தின் தடங்கள் விலகிப்போன டிரம்மரின் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

பன்னிரண்டாம் ஆண்டில் குழுவை நிறுத்தினோம். எழுத வேண்டிய பாட்டுகளை எழுதிவிட்டோம் என்று நால்வருக்கும் தோன்றியது. கடைசி நிகழ்ச்சியில் பழைய டிரம்மரும் வந்து முதல் ஆல்பத்தின் நான்கு பாட்டுகளை வாசித்தார். வேனை விற்றோம், ஐந்தாவது பங்கைப் பிரித்தோம். உரிமைத்தொகை மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை இன்னும் வந்துகொண்டிருக்கிறது, சிறு தொகைதான். வந்ததும் ஆறாவது நோட்டை எடுத்து உட்காருகிறேன். முதல் இரண்டு ஆல்பங்களின் பங்கு பழைய டிரம்மருக்கு, மூன்றாவதன் பங்கு புதியவருக்கு, மற்ற மூவருக்கும் மூன்றிலிருந்தும். சென்ற மாதமும் பிரித்து அனுப்பினேன். அன்று மாலையே பழைய டிரம்மர் அழைத்தார். அவருடைய மகள் ஸ்நேர் வாசிக்கப் பழகுகிறாளாம், எந்தக் காதடைப்பான் வாங்குவது என்று கேட்டார்.